வில்லியம் ராய் எழுதியவை: எங்கே தொடங்குவது, எதைத் தாண்டிப் போகலாம்?

கேள்வி இதுதான்: பிரிட்டனின் தேசிய வரைபடத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடங்களைப் பற்றி எங்கே படித்தாலும் ஜெனரல் வில்லியம் ராய் என்ற பெயர் வந்துவிடுகிறது. அவர் சொந்தமாக எழுதி அச்சில் வந்தவை என்னென்ன, சிவில் படித்த ஒருவர் அதில் எதை முதலில் எடுக்கலாம், இன்றைக்கும் படிக்க அதில் சரக்கு இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் எல்லாவற்றிலும் ஒரே அளவில் இல்லை. ராய் தானே கருவியைத் தொட்டு அளந்ததைப் பற்றி எழுதும்போது அவரை மிஞ்ச அந்தக் காலத்தில் ஆள் குறைவு. அடுத்தவர் எழுதிவைத்த ஏட்டை நம்பி எழுதும்போது நன்றாகவே ஏமாந்திருக்கிறார். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் எந்தப் பக்கத்தில் நிற்க வேண்டும், எதைப் புரட்டிவிட்டுப் போகலாம் என்பது தானாகத் தெரியும்.

முதலில் கணக்கு. அவர் எழுதியது அதிகமில்லை. லண்டன் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியின் பிலசாபிகல் டிரான்சாக்ஷன்ஸ் இதழில் 1777, 1785, 1787, 1790 ஆகிய ஆண்டுகளில் நான்கு நீண்ட கட்டுரைகள். அதில் கடைசிக் கட்டுரையின் அச்சுப்படியைத் திருத்திக்கொண்டிருக்கும்போதே, 1790 ஜூலை 1 அன்று லண்டனில் இறந்துபோனார். அதன்பின் 1793-ல், வட பிரிட்டனில் ரோமானியர்கள் விட்டுப்போன படை முகாம்கள், கோட்டைகள், அரண்கள் பற்றிய அவருடைய பெரிய புத்தகத்தைச் சொசைட்டி ஆஃப் ஆன்டிகுவரீஸ் என்ற பழம்பொருள் ஆய்வுச் சங்கம் வெளியிட்டது. நாடு முழுவதையும் அளக்க வேண்டும் என்று 1763-லும் 1766-லும் அரசுக்குக் கொடுத்த திட்டங்கள் கையெழுத்தாகவே நின்றுவிட்டன. செலவு கேட்டதும் அரசு பின்வாங்கியது, வேறென்ன!

ஆள் யார் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1726-ல் ஸ்காட்லாந்தின் லானார்க்‌ஷயரில் கார்லூக் பக்கம் பிறந்தவர். 1746-ல் கலோடன் போரில், ஸ்டூவர்ட் வம்சத்தை மறுபடி அரியணை ஏற்றக் கிளம்பிய ஜாக்கபைட் கிளர்ச்சி நசுக்கப்பட்ட பிறகு, மலைநாட்டுப் பகுதிக்குள் படையைக் கொண்டுபோக ராணுவத்திடம் உருப்படியான வரைபடமே இல்லை என்பது உறைத்தது. டேவிட் வாட்சன் என்ற அதிகாரியின் மேற்பார்வையில் 1747-ல் வேலை தொடங்கியது. களத்தில் இறங்கியவர் ராய். அப்போது அவர் ராணுவ அதிகாரிகூட இல்லை. வாட்சனுக்கு உதவியாளர், அவ்வளவுதான். 1755 வரை ஸ்காட்லாந்தின் பெருநிலம் முழுவதையும் சங்கிலி பிடித்து, எளிய கோணமானி வைத்து, ஓர் அங்குலத்துக்கு 1000 கஜம் என்ற அளவில் வரைந்து முடித்தார்கள். பிரான்சோடு மறுபடி போர் மூளும் நிலை வந்ததும் வேலை நின்றுபோனது. பிறகு பொறியாளர் படையில் சேர்ந்து படிப்படியாக மேஜர் ஜெனரல் வரை போனார். 1767-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர்.

அந்த ஸ்காட்லாந்து வரைபடம் அவர் வாழ்நாளில் அச்சாகவில்லை. அதைப் பற்றி அவரே பிற்பாடு என்ன சொன்னார் தெரியுமா? அதை ஒரு நாட்டின் துல்லியமான வரைபடம் என்பதைவிட, பிரமாதமான ஒரு ராணுவக் கோட்டுச்சித்திரம் என்று கொள்வதே சரி என்று 1785 கட்டுரையில் எழுதிவிட்டார். இளமையில் எட்டு வருடம் உழைத்த வேலையைப் பற்றித்தான் இப்படி! எனக்கு அவர் எழுத்தின் மேல் மதிப்பு வந்ததே இந்த இடத்தில்தான்.

அதனால் தொடங்க வேண்டியதும் அந்த 1785 கட்டுரைதான். லண்டனுக்கு மேற்கே ஹவுன்ஸ்லோ ஹீத் என்ற சமவெளியில் ஓர் ஆதாரக் கோடு அளந்த கதை. பின்னணி கொஞ்சம் அரசியல் கலந்தது. 1783-ல் பிரெஞ்சு வானியலாளர் கசினி த தூரி ஒரு குறிப்பு அனுப்பினார்: கிரீனிச் வானாய்வகத்தின் அட்சரேகையிலும் தீர்க்கரேகையிலும் சந்தேகம் இருக்கிறது, பாரிசிலிருந்து ஆங்கிலக் கால்வாய்க் கடல் வரை நாங்கள் முக்கோணங்களால் அளந்துவிட்டோம், நீங்களும் லண்டனிலிருந்து டோவர் வரை அளந்து எங்கள் கோட்டோடு சேர்த்துவிட்டால் இரண்டு வானாய்வகங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி தீர்மானமாகிவிடும் என்று. கிரீனிச்சில் அரச வானியலாளராக இருந்த மாஸ்கலைன் இதை ரசிக்கவில்லை. தன் பக்கத்து விளக்கத்தை 1787-ல் தனிக் கட்டுரையாகவே எழுதினார். ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸ் குறிப்பை ராயிடம் கொடுத்தார். ராய்க்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்தது. இருபது வருடமாக அரசு காதில் போட்டுக்கொள்ளாத நாடளாவிய அளவைக்கு ஒரு வாசல் திறந்தது. அதோடு, 1783 கோடையிலேயே மேரில்போன் பக்கத்து வயல்களில் சுமார் 7744 அடிக்கு ஓர் ஆதாரக் கோட்டைத் தன் சொந்த ஆர்வத்துக்காக அளந்து வைத்திருந்தார் மனிதர்.

முக்கோண அளவை என்றால் நிலத்தை முக்கோணங்களின் வலையாகப் பிரித்து அளப்பது; அதில் கோணங்களைக் கருவி பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒரே ஒரு பக்கத்தையாவது தரையில் நேரடியாக அளந்தாக வேண்டும். அந்தக் கோட்டில் விழும் பிழை மொத்த வலைக்கும் பரவும். ஹவுன்ஸ்லோவில் கிங்ஸ் ஆர்பர் என்ற இடத்திலிருந்து ஹாம்ப்டன் ஏழைவிடுதி வரை 5 மைலுக்குச் சற்று மேல். முதலில் 20 அடி நீளப் பைன் மரக் கழிகளைச் செய்தார்கள். ரீகாவிலிருந்து வந்த நல்ல மரம், கருவி செய்தவர் ஜெஸ்ஸி ராம்ஸ்டன், அந்தக் காலத்தில் அவரை விடப் பெரிய கைக்காரர் கிடையாது. கழிகள் அவ்வளவு நேர்த்தி. ஆனால் 1784 கோடையில் மழை. ஈரத்தில் மரம் நீண்டது, காய்ந்தால் சுருங்கியது. வெப்பத்துக்காகத் திருத்தம் போடலாம், ஈரப்பதத்துக்கு என்ன கணக்குப் போடுவது? அளந்ததைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. கால்டர்வுட் என்ற கர்னல் கண்ணாடியில் செய்து பார்க்கலாமே என்றார். 20 அடி நீளம், சுமார் ஓர் அங்குல விட்டம், மரப் பெட்டிக்குள் வைத்த கண்ணாடிக் குழாய்கள். ஆகஸ்டில் அவற்றைக் கொண்டு மறுபடி முதலிலிருந்து. கோட்டின் நீளம் 27,404 அடிக்குச் சற்று மேல்; அதாவது 20 அடியை 1370 முறை, ஒன்றின் முனையில் மற்றொன்றைச் சேர்த்துச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் வெப்பமானி பார்த்து.

கட்டுரையின் உயிர் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. இன்றைய ஆய்வுக் கட்டுரையில் என்ன செய்வோம்? கடைசியில் சரியாக வந்த முறையை மட்டும் எழுதிவிட்டு, மரக்கழி விவகாரத்தை ஒரே வரியில் முடிப்போம், அல்லது சொல்லவே மாட்டோம். ராய் மரக்கழிகளை எப்படிச் செய்தார்கள், எப்படித் தாங்கி நிறுத்தினார்கள், எந்த நாளில் எவ்வளவு நீண்டது என்று எல்லாவற்றையும் அச்சில் ஏற்றினார். கண்ணாடி, எஃகு, பித்தளை ஆகியவை வெப்பத்தில் எவ்வளவு நீள்கின்றன என்பதை நுண்ணோக்கி பொருத்திய ஒரு கருவியில் தனியே சோதித்து அந்த அட்டவணைகளையும் கொடுத்தார். ராம்ஸ்டன் செய்த 100 அடி எஃகுச் சங்கிலியையும் களத்தில் ஒப்பிட்டுப் பார்த்தார். கண்ணாடிக்கும் சங்கிலிக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. இது சின்னச் சோதனை போலத் தெரியும், ஆனால் இதற்குப் பிறகு ஆதாரக் கோடு என்றால் எஃகுச் சங்கிலியே போதும் என்ற தைரியம் வந்தது இதனால்தான். 1791-ல் அதே கோட்டைச் சங்கிலியால் மறுபடி அளந்தபோது சில அங்குலங்கள்தான் வேறுபாடு. 5 மைலில்!

கட்டுரையில் கொஞ்சம் வேடிக்கையும் உண்டு. மூன்றாம் ஜார்ஜ் மன்னரே வந்து வேலையைப் பார்த்துவிட்டுப் போனார். பேங்க்ஸ் கூடாரம் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் விருந்து வைத்தார். லண்டன் கனவான்கள் கூட்டம் கூட்டமாக வந்து கண்ணாடிக் குழாயை எட்டிப் பார்க்க, படைவீரர்கள் காவல் நின்றார்கள். ராய் இதையெல்லாம் முகம் சுளிக்காமல், நன்றியோடு பதிவு செய்கிறார். இந்த வேலைக்கு 1785-ல் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் கிடைத்தது. கோட்டின் வடமேற்கு முனை இப்போது ஹீத்ரோ விமான நிலையத்தின் விளிம்பில் இருக்கிறது. குத்தாக நட்ட ஒரு பழைய பீரங்கிக் குழாய்தான் அடையாளம்; மறுமுனை ஹாம்ப்டனில், வீடுகளுக்கு நடுவே.

அடுத்து 1787, 1790 கட்டுரைகளைச் சேர்த்தே படிக்கலாம். 1787 கட்டுரை திட்டம்: முக்கோணங்களை எப்படி அமைக்கப் போகிறோம், பூமியின் வடிவம் பற்றி அதுவரை வந்த அளவுகள் ஒன்றோடொன்று எப்படி ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன. பூமியின் வடிவக் கணக்கில் ஆர்வம் இல்லாதவர்களுக்கு அலுப்புத் தட்டும், ஒளிப்பானேன். ஆனால் நமக்கு அதில் ஒரு தொடர்பு உண்டு, பிறகு வருகிறேன்.

1790 கட்டுரைதான் பெரிது, 150 பக்கத்துக்கு மேல். கிரீனிச்சிலிருந்து டோவர் வரை முக்கோண வலை, கால்வாய்க்கு அக்கரையில் பிரெஞ்சு விஞ்ஞானிகளான கசினியின் மகனும் மெஷானும் லெஜாந்தரும், நடுவே இரவில் வெள்ளை வெளிச்ச விளக்குகளைக் கொளுத்திக் கரைக்குக் கரை கோணம் பார்த்தது, ராம்னி மார்ஷ் சதுப்பில் இன்னொரு கோட்டைச் சங்கிலியால் அளந்து சரிபார்த்தது என்று எல்லாம் இதில் இருக்கிறது. ஹவுன்ஸ்லோவிலிருந்து முக்கோணங்கள் வழியாகக் கணக்குப் போட்டு வந்த நீளமும், சதுப்பில் நேரடியாக அளந்த நீளமும் இரண்டடிச் சொச்சம்தான் விலகின. பாரிசுக்கும் கிரீனிச்சுக்கும் இடையிலான தீர்க்கரேகை வேறுபாடு என்று அவர் கண்டது, இன்று நாம் வைத்திருக்கும் 2 டிகிரி 20 நிமிட மதிப்போடு ஒரு நிமிடக் கோணம்கூட விலகவில்லை.

இதற்கெல்லாம் கண் ராம்ஸ்டனின் பெரிய தியோடலைட், அதாவது கோணம் அளக்கும் தொலைநோக்கிக் கருவி. 3 அடி விட்ட வட்டம், சுமார் 200 பவுண்டு எடை, நுண்ணோக்கி வைத்துக் கோணம் படிக்கும் ஏற்பாடு. அதைச் செய்து முடிக்க ராம்ஸ்டனுக்கு மூன்று வருடம் பிடித்தது. ராய் காத்திருந்து, நச்சரித்து, நொந்துபோய், கடைசியில் கட்டுரையிலேயே ராம்ஸ்டனின் தாமதத்தையும் அலட்சியத்தையும் வெளிப்படையாகக் குறை சொல்லிவிட்டார். ராம்ஸ்டன் சும்மா இருக்கவில்லை, ராயல் சொசைட்டிக்கே புகார் எழுதினார். என் கருத்தில் இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ராய்க்கு உடல்நிலை சரிந்துகொண்டிருந்தது; 1789–90 குளிர்காலத்தை லிஸ்பனில் கழித்துவிட்டு வந்தவர், வேலை முடியுமா என்ற பதற்றம் வரிக்கு வரி தெரிகிறது. ராம்ஸ்டன் பக்கம் பார்த்தால், அப்படி ஒரு கருவியை உலகத்தில் வேறு யாரும் செய்திருக்கவில்லை. முக்கோணத்தின் மூன்று கோணங்களைக் கூட்டினால் 180 டிகிரிக்குச் சற்று அதிகமாக வர வேண்டும், பூமி உருண்டை என்பதால். 75 சதுர மைலுக்கு ஏறத்தாழ ஒரு விநாடிக் கோணம்தான் அந்த அதிகப்படி. அதுவரை வந்த கருவிகளில் பிழையே அதைவிடப் பெரிது, அதனால் இந்த அதிகப்படி அந்த இரைச்சலில் மறைந்துபோகும். ராம்ஸ்டனின் கருவியில்தான் அது முதன்முதலாகக் கண்ணில் பட்டது.

அந்த அதிகப்படியைக் கணக்கிடக் கட்டுரையில் ஒரு விதி வருகிறது. பாடப்புத்தகங்களில் அது வெகுகாலம் ராயின் விதி என்றே ஓடியது. உண்மையில் அதைக் கொடுத்தவர் ஐசக் டால்பி, ராய் கணக்குப் போட வைத்துக்கொண்ட கணித ஆசிரியர். ஜெனரல் பெயர் நிலைத்தது, கணக்குப் போட்டவர் பெயர் கீழே போனது. புதிய விஷயமா என்ன!

1777 கட்டுரைக்கு வருகிறேன். பாரமானியைக் கொண்டு மலை உயரம் காண ஒரு விதி. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், பாதரசம் இறங்கும், அந்த இறக்கத்திலிருந்து உயரம். ஜெனீவாக்காரர் த லுக் ஏற்கெனவே ஒரு சூத்திரம் கொடுத்திருந்தார். ராய் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், பாதரசம் வெப்பத்தில் எவ்வளவு விரிகிறது, காற்று எவ்வளவு விரிகிறது, ஈரக்காற்று எவ்வளவு என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். செயின்ட் பால் தேவாலயக் கோபுரம், ஸ்னோடன், எடின்பரோவைச் சுற்றிய குன்றுகள், 1774-ல் மாஸ்கலைன் பூமியின் அடர்த்தியைக் கணிக்கத் தேர்ந்தெடுத்த ஷிஹாலியன் மலை என்று பல இடங்களில் பாரமானியைத் தூக்கிப் போய்ப் பார்த்தார். அதே தொகுதியில் ஜார்ஜ் ஷக்பர்க் என்பவர் ஆல்ப்ஸ் மலையில் செய்த இதே வேலையும் அச்சாகியிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ருசி. சூத்திரம் இன்று யாருக்கும் வேண்டாம். ஆனால் ஈரம் அளவைக் கெடுக்கும் என்பதைக் காற்றில் இவ்வளவு கவனமாகச் சோதித்த அதே மனிதர், ஏழு வருடம் கழித்து மரக்கழியை நம்பினார் என்பதை நினைத்தால் சிரிப்பு வரும்.

அடுத்து அந்த 1793 புத்தகம். விலை உயர்ந்த பெரிய பதிப்பு, 51 படத்தகடுகள். இளம் வயதில் ஸ்காட்லாந்தை அளக்கும்போதே ரோமானிய முகாம்களின் மண்மேடுகள் அவர் கண்ணில் பட்டிருந்தன. ஸ்காட்லாந்தின் குறுக்கே ரோமானியர்கள் எழுப்பிய ஆன்டனைன் அரணை 1755-ல் முனைக்கு முனை அளந்தார். ராணுவப் பொறியாளர் என்பதால், ஒரு மேட்டைப் பார்த்தால் இங்கே ஏன் முகாம் போட்டார்கள், தண்ணீர் எங்கே, எத்தனை பேர் தங்கலாம், அடுத்த முகாம் ஒரு நாள் நடைத் தூரத்தில் எங்கே இருக்கும் என்று யோசிக்கத் தெரியும். பழம்பொருள் ஆர்வலர்கள் பலருக்கு அந்தக் கண் கிடையாது. ஆர்டாக், பர்ன்ஸ்வார்க் போன்ற இடங்களின் அவர் திட்டப்படங்களைத் தொல்லியலாளர்கள் இன்னும் எடுத்துப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு ஏர் ஓட்டி அழித்துவிட்ட எத்தனையோ மேடுகளுக்கு அவர் படம்தான் மிச்சம்.

ஆனால் உரைநடையில் விழுந்தார். சைரன்செஸ்டர் ரிச்சர்ட் என்ற 14-ஆம் நூற்றாண்டுத் துறவி எழுதியதாக ஒரு ரோமானிய பிரிட்டன் வருணனை, ஊர்ப்பெயர்களும் பாதைத் தூரங்களும் அடங்கியது, 1757-ல் கோபன்ஹேகனில் அச்சாகி வந்தது. வெளியிட்டவர் அங்கே வாழ்ந்த சார்லஸ் பெர்ட்ராம் என்ற ஆங்கிலேயர். மொத்தமும் அவரே புனைந்தது. அது தீர்மானமாக வெளிப்பட்டது 1860-களில்தான். அதற்குள் வரலாற்றாசிரியர் கிப்பன் உட்படப் பெரிய பெரிய அறிஞர்கள் மாட்டியிருந்தார்கள். ராய் அந்த ஏட்டில் உள்ள தூரங்களைத் தன் கள அளவுகளோடு பொருத்தப் பாடுபட்டார், இல்லாத ஊர்களுக்கு இடம் தேடினார். வடக்கே வெஸ்பாசியானா என்று ஒரு மாகாணமே இருந்ததாக நம்பினார். பாவம், மரக்கழியைச் சந்தேகித்த அளவுக்கு இந்த ஏட்டைச் சந்தேகித்திருந்தால் புத்தகம் எங்கேயோ போயிருக்கும். படங்களை நிறுத்திப் பாருங்கள், ரிச்சர்ட் பெயர் வரும் பக்கங்களைத் தாராளமாகத் தாண்டுங்கள்.

சரி, நம் பக்கத்துத் தொடர்பு. 1787 கட்டுரையில், பூமியின் வடிவம் தெரிய வேண்டுமானால் நிலநடுக்கோட்டுக்கு அருகிலும் அளவுகள் வேண்டும், கிழக்கிந்தியக் கம்பெனி கோரமண்டல் கரையிலும் வங்காளத்திலும் இதைச் செய்யலாமே என்ற யோசனையை ராய் முன்வைக்கிறார். வங்காளத்தில் ரூபன் பரோ என்ற கணிதவியலாளர் தொடங்கினார், ஆனால் 1792-ல் இறந்துவிட்டார். அவருடைய அளவுகளைத் தொகுத்து அச்சிட்டவர், மேலே சொன்ன அதே டால்பி. கோரமண்டல் கரையில் நடந்தது, தென்னிந்தியாவை முக்கோணங்களால் அளந்த ராணுவ அதிகாரி லாம்டன் காலத்தில். 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே ஏழரை மைல் ஆதாரக் கோட்டை வில்லியம் லாம்டன் அளந்தார், ராம்ஸ்டன் செய்த 100 அடி எஃகுச் சங்கிலியால். சீனப் பேரரசருக்குக் காணிக்கையாகப் போய் ஏற்கப்படாமல் இந்தியா வந்து சேர்ந்த சங்கிலி அது! சங்கிலியை மரப்பெட்டியில் கிடத்துவது, வெப்பமானி வைத்துத் திருத்தம் போடுவது, கடைசியில் வேறொரு கோட்டை அளந்து சரிபார்ப்பது எல்லாம் ஹவுன்ஸ்லோவிலும் ராம்னி மார்ஷிலும் உருவான நடைமுறை. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து அடிபட்ட பெரிய தியோடலைட்டும் ராம்ஸ்டன் பாணியில் கேரி என்ற லண்டன் கருவிக்காரர் செய்ததுதான். லாம்டன் தன் சென்னை அளவையைப் பற்றி ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ் இதழில் எழுதியதை 1785 கட்டுரைக்குப் பிறகு படித்தால் இரண்டும் எவ்வளவு நெருக்கம் என்று புரியும்.

படிப்பதற்கு வழி: நான்கு கட்டுரைகளும் ராயல் சொசைட்டியின் தளத்திலேயே இருக்கின்றன. அந்தக் கால அச்சில் எஸ் எழுத்து எஃப் போல இருக்கும், நாலைந்து பக்கம் போனால் கண் பழகிவிடும். பொது நூலக ஸ்கேன்களில் மடிப்புத் தகடுகளை விரிக்காமலே படம் பிடித்துவிடுவார்கள், கருவிகளின் படங்கள் பாதி தெரியாது. அதனால் தகடு முழுதாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறக்குங்கள். ரோமானியப் புத்தகமும், 1747–55 ஸ்காட்லாந்து வரைபடமும் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடத் தளத்தில் இலவசம். வரைபடத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துப் பார்க்கும் வசதியும் அங்கே உண்டு. எங்கே பொருந்துகிறது, எங்கே மலைகள் சில நூறு கஜம் நகர்ந்து நிற்கின்றன என்று ஒரு மணி நேரம் உருட்டிப் பார்த்துவிட்டு 1785 கட்டுரையை எடுங்கள். ஆதாரக் கோட்டுக்காக அந்த மனிதர் ஏன் அப்படி அலைந்தார் என்று முதல் பத்துப் பக்கத்திலேயே பிடிபட்டுவிடும்.